தேடல் முடிவில் தளத்தின் பெயருக்குக் கீழே வரும் துணை இணைப்புகள்: புதிதாகத் தளம் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏதாவது ஒரு பெரிய வங்கியின் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். முதலில் வரும் முடிவுக்குக் கீழேயே நெட் பேங்கிங், வீட்டுக் கடன், கிளை முகவரிகள் என்று அந்தத் தளத்தின் உள்பக்கங்கள் சில தனித்தனி இணைப்புகளாக வரும். முகப்புப் பக்கத்தைத் திறந்து மெனுவில் தேடி அலையாமல், வேண்டிய பக்கத்துக்கு நேரே போய்விடலாம். கூகுள் இவற்றை சைட்லிங்க் என்கிறது. இங்கே துணை இணைப்பு என்று எழுதுகிறேன்.

புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் இதைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான். விண்ணப்பம் கிடையாது, கட்டணமும் கிடையாது. எந்தப் பக்கங்களைக் காட்டுவது, காட்டவே வேண்டுமா என்பதையெல்லாம் கூகுளின் நிரல்களே தீர்மானிக்கின்றன. தேடுகிறவருக்குப் பயன்படும் என்று தெரிந்தால்தான் காட்டும். தளத்தின் அமைப்பிலிருந்து நல்ல இணைப்புகளைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை என்றால் காட்டாது. துணை இணைப்பு வரவைத்துத் தருகிறேன் என்று உறுதி கூறிப் பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த உறுதியைத் தர கூகுளுக்கு வெளியே எவராலும் முடியாது. தளத்தில் எது முக்கியம், எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு நிரல் தடுமாறாமல் புரிந்துகொள்ளும்படி பக்கங்களை அடுக்கி வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதை நீங்களே செய்யலாம். பெரும்பாலான வேலைக்கு நிரல் எழுதவும் தெரிய வேண்டியதில்லை.

எது எந்த வகை

துணை இணைப்புகள் இரண்டு தோற்றங்களில் வரும். தளத்தின் பெயரையே தேடும்போது, ஒவ்வோர் இணைப்பும் தனி வரியில், சில நேரம் கீழே ஒரு சிறு விளக்கத்தோடு வருவது ஒரு வகை. 2011 ஆகஸ்டில் கூகுள் இதைப் பெரிதாக்கி, ஒரு தளத்துக்குப் பன்னிரண்டு வரைக்கும் காட்டியது. இப்போது கணினித் திரையில் பெரும்பாலும் ஆறுக்கு மேல் வருவதில்லை. இன்னொன்று, ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று நான்கு சிறிய இணைப்புகள். 2009-இல் வந்த இந்த வகை, பெயரைத் தேடாமல் ஒரு விஷயத்தைத் தேடும்போதும் தலைகாட்டும். புதிய தளத்துக்கு முதலில் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் இதுதான். ஆகவே பெரிய வகை வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

விளம்பரம் என்ற குறிப்போடு வரும் முடிவுகளின் கீழேயும் இப்படி இணைப்புகளைப் பார்க்கலாம். அவை முற்றிலும் வேறு. பெரும்பாலும் கூகுள் விளம்பரக் கணக்கு வைத்திருப்பவர் தாமே எழுதிச் சேர்ப்பவை அவை. இணைப்பின் வாசகம் 25 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. விளம்பரத்தை நிறுத்தினால் அவையும் போய்விடும். இந்தக் கட்டுரை இலவச முடிவுகளைப் பற்றியது.

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு சிறு கடை, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் தளம் வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து பக்கங்கள் இருக்கும். படுக்கை ஜமக்காளம், கல்யாண மண்டபத்துக்கான பெரிய விரிப்பு, மொத்த விற்பனை, அனுப்பும் கட்டணம், தொடர்புக்கு ஆகிய ஐந்தும் துணை இணைப்புகளாக வர வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை.

படி 1: உங்கள் பெயர் உங்களுக்கே உரியதா?

பெரிய துணை இணைப்புகள் வருவதற்கு முதல் நிபந்தனை, தேடுகிறவர் உங்கள் தளத்தைத்தான் தேடுகிறார் என்று கூகுளுக்குத் தெளிவாகத் தெரிவது. இந்தக் கடைக்கு ‘பவானி ஜமக்காளம்’ என்றே பெயர் வைத்துவிட்டால் சிக்கல். அந்தச் சொற்களைத் தேடுகிறவர் ஒரு கடையைத் தேடுகிறாரா, அந்தப் பொருளைப் பற்றி அறியத் தேடுகிறாரா, விலை பார்க்கிறாரா? நிரலுக்குத் தெரியாது. எனவே பத்துத் தளங்களைக் கலந்து காட்டும். யாருக்கும் துணை இணைப்பு கொடுக்காது. பெயரோடு குடும்பப் பெயரோ வேறொரு தனிச் சொல்லோ சேர்ந்திருந்தால், அந்தப் பெயரைத் தேடுகிறவரின் நோக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இதை மிகவும் யோசித்துச் செய்யுங்கள். பின்னால் மாற்றுவது கடினம். ஏற்கெனவே பொதுப்பெயர் வைத்துவிட்டவர்கள் பெயரோடு ஊரையோ தெருவையோ சேர்த்து, தளம், கூகுள் வணிகப் பக்கம், முகநூல் என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஜமக்காளம் என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். தளத்தில் ஒன்று, முகநூலில் இன்னொன்று என்றால் பெயரின் வலிமை சிதறிப்போகும்.

பிறகு சோதித்துப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், கணினியிலும் கைபேசியிலும் பெயரைத் தேடுங்கள். உங்கள் தளம் முதலிடத்தில் வருகிறதா? வரவில்லை என்றால் துணை இணைப்பைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் இன்னும் வரவில்லை. முதலில் பெயருக்கான முதலிடத்தைப் பிடிக்கப் பாருங்கள்.

படி 2: பக்கங்கள் கூகுளின் இன்டெக்ஸில் இருக்கின்றனவா?

இன்டெக்ஸ் என்பது கூகுள் படித்துச் சேமித்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியல். அதில் இல்லாத பக்கம் துணை இணைப்பாக வரவே முடியாது. இதைப் பார்ப்பதற்கான இலவசக் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் தளத்தைச் சேர்த்து, உரிமையை உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே உள்ள பெட்டியில் ஒரு பக்கத்தின் முகவரியை இட்டால், அது இன்டெக்ஸில் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை என்பதைச் சொல்லும். கடைக்காரர் தம் ஐந்து பக்கங்களையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில், இந்தத் தளத்தைத் தேடுபொறிகள் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறப்பது மிகவும் சாதாரணம். அந்த ஒரு டிக், மற்ற எல்லா உழைப்பையும் வீணாக்கிவிடும்.

தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் சர்ச் கன்சோலில் சேர்த்துவிடுங்கள். பக்கங்களைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் சைட்மேப்பில் முன்னுரிமை எண் கொடுத்தால் அந்தப் பக்கம் துணை இணைப்பாகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த எண்ணைக் கூகுள் கண்டுகொள்வதில்லை.

படி 3: அடுக்கும் மெனுவும்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமாகப் படும் பகுதி இதுதான். நேரம் குறைவாக இருந்தால் இதையும் அடுத்த படியையும் மட்டுமாவது செய்யுங்கள்.

ஒரு பக்கம் முக்கியமானது என்பதைக் கூகுள் எப்படி அறிகிறது? தளத்துக்குள் எத்தனை இடங்களிலிருந்து, எந்த வாசகத்தோடு அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள் என்பது ஒரு பெரிய தடயம். ஜமக்காளக் கடையின் மெனுவில் இப்போது இருப்பவை இவை: முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், படங்கள், வலைப்பதிவு, மேலும். ஐந்து விருப்பப் பக்கங்களில் ஒன்றுகூட இங்கே இல்லை. மொத்த விற்பனைப் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் ‘மேலும்’ என்பதைத் தட்டி, அதில் ‘சேவைகள்’ என்பதற்குப் போய், அந்தப் பக்கத்தின் அடியில் ‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பைப் பிடிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கே கண்ணில் படாத பக்கம் நிரலின் கண்ணுக்கு எப்படி முக்கியமாகத் தெரியும்?

மெனுவை இப்படி மாற்றலாம்: படுக்கை ஜமக்காளம், மண்டப விரிப்புகள், மொத்த விற்பனை, அனுப்பும் கட்டணம், எங்கள் நெசவு, தொடர்புக்கு. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்கு நேரே போகும். ‘பொருட்கள்’ என்ற பொதுச்சொல் போய், பொருளின் பெயரே வந்துவிட்டது. இணைப்பின் வாசகம் சுருக்கமாகவும், போய்ச் சேரும் பக்கத்தைச் சரியாகச் சொல்வதாகவும் இருந்தால், கூகுள் அதைத் துணை இணைப்பின் பெயராகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ‘மேலும் படிக்க’, ‘இங்கே சொடுக்கவும்’ என்ற வாசகங்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மெனு மட்டும் போதாது. பக்கத்தின் உடலிலும் இணைப்பு இருக்க வேண்டும். மண்டப விரிப்பு பற்றிய பக்கத்தில் ‘ஐம்பது விரிப்புக்கு மேல் எடுப்பவர்கள் மொத்த விற்பனை விலைகளைப் பாருங்கள்’ என்று ஒரு வரி வந்து, அதில் ‘மொத்த விற்பனை விலைகள்’ என்ற சொற்கள் இணைப்பாக இருந்தால் அது வாசகருக்கும் உதவி, கூகுளுக்கும் தடயம்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்ல வேண்டும். சில அலங்கார மெனுக்களில் இணைப்பு என்பதே உண்மையில் இருக்காது; தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் பக்கத்தை மாற்றும், அவ்வளவுதான். கூகுளின் நிரல் மெனுவைத் தட்டிப் பார்க்காது. ஹெச்டிஎம்எல் நிரலில் முகவரியோடு எழுதப்பட்ட இணைப்புகளைத்தான் பின்தொடரும். சோதிப்பது எளிது: மெனுவில் ஒரு சொல்லின் மேல் வலது சொடுக்கு செய்யுங்கள். புதிய தாவலில் திற என்ற வாய்ப்பு வந்தால் பெரும்பாலும் சரியான இணைப்பு. வரவில்லை என்றால் தளம் கட்டிக் கொடுத்தவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

படி 4: ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு

உலாவியின் தாவலில் தெரிகிற டைட்டிலும், பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் தெரிகிற தலைப்பும் துணை இணைப்பின் பெயருக்கு மூலப்பொருள். சிறு தளங்களில் நான் அதிகம் காணும் குறை, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் இருப்பது. கடையின் பெயர், ‘தரமான ஜமக்காளங்கள்’, ‘குறைந்த விலை’ என்று நீளமான ஒரே வாசகம் இருபது பக்கத்திலும் ஒட்டியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வழியே இல்லை. பக்கத்துக்கு உரிய சொல் முதலில், கடையின் பெயர் பின்னால் என்று வையுங்கள்: ‘மண்டப விரிப்புகள்: அளவும் விலையும்’, பிறகு ஒரு கோடு, பிறகு கடைப்பெயர். பக்கத்தின் மேலே உள்ள பெரிய தலைப்பும் அதையே சொல்லட்டும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு குறிப்பு. பக்கம் முழுவதும் தமிழில் இருக்க, டைட்டில் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதைப் பல தளங்களில் பார்க்கலாம். பக்கத்தின் மொழியும் டைட்டிலின் மொழியும் பொருந்தாதபோது, பொருந்தும்படியான வேறொரு தலைப்பைத் தேர்ந்து காட்டும் மாற்றத்தை 2022-இல் கூகுள் கொண்டுவந்தது. அதாவது நீங்கள் எழுதாத தலைப்பு வரக்கூடும். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் டைட்டிலே வையுங்கள். தேடுகிறவர்கள் ஆங்கிலத்திலும் தேடுவார்களே என்றால், ஆங்கிலத்துக்குத் தனி முகவரியில் தனிப் பக்கம் வைப்பதே முறை. ஒரே முகவரியில் பொத்தானைத் தட்டினால் மொழி மாறுகிற ஏற்பாட்டில், இரண்டாவது மொழியைக் கூகுள் பார்க்காமலே போகலாம்.

படி 5: வேண்டாத பக்கங்கள்

உள்ளடக்கம் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்கும்படி கூகுளே அறிவுறுத்துகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் நாம் எழுதாத பக்கங்கள் நிறைய முளைக்கும்: குறிச்சொற் பக்கங்கள், மாதவாரித் தொகுப்பு, எழுதியவர் பக்கம். பழைய தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வெற்றுப் பக்கம் இருக்கும். 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் தளங்களில் அது நின்றுவிட்டது. நிறுவும்போதே கூட வரும் ‘மாதிரிப் பக்கம்’ அழிக்கப்படாமல் பல தளங்களில் இன்னும் கிடக்கிறது. துணை இணைப்புகளில் ‘மாதிரிப் பக்கம்’ என்று ஒன்று வந்து நின்றால் கடையின் மதிப்புக்கு எவ்வளவு இழுக்கு! இன்றே போய் அழித்துவிடுங்கள்.

அழிக்க முடியாத, ஆனால் தேடலில் வரக் கூடாத பக்கங்களும் உண்டு. உள்நுழைவுப் பக்கம், வாங்கியதற்கு நன்றி சொல்லும் பக்கம் போன்றவை. இவற்றுக்கு, தேடலில் காட்ட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇன்டெக்ஸ் என்ற குறியைப் போட வேண்டும். வேர்ட்பிரஸில் தேடல் மேம்பாட்டுக்கான செருகுநிரல் (பிளகின்) ஏதாவது ஒன்றை நிறுவினால், பக்கத்தைத் திருத்தும் இடத்திலேயே இதற்கான வாய்ப்பு கிடைக்கும்.

இந்த இடத்தில் பலரும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது தவறான வழி. ரோபாட்ஸ் கோப்பு கூகுளைப் பக்கத்துக்குள் வர விடாமல் தடுக்கிறது. உள்ளே வராவிட்டால் நோஇன்டெக்ஸ் குறியை அது படிக்கவே முடியாது. வேறு இடங்களிலிருந்து இணைப்பு இருந்தால், தடுக்கப்பட்ட பக்கத்தின் முகவரி தேடலில் தொடர்ந்து வரவும் கூடும். ஆகவே நோஇன்டெக்ஸ் போட்ட பக்கத்தை ரோபாட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வந்துவிட்ட துணை இணைப்பு பிடிக்கவில்லை என்றால்? முன்பு சர்ச் கன்சோலில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது. இந்த இணைப்பைக் கீழே தள்ளு என்று சொல்லலாம். 2016 அக்டோபரில் கூகுள் அதை எடுத்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்த வசதியைப் பற்றி எழுதியிருப்பார்கள். தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இன்று உள்ள வழிகள், அந்தப் பக்கத்தை நீக்குவது அல்லது நோஇன்டெக்ஸ் போடுவது. அவசரம் என்றால் சர்ச் கன்சோலின் நீக்கல் கருவியால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மறைத்து வைக்கலாம். ஆனால் கவனம்: இரண்டு வழியிலும் அந்தப் பக்கம் துணை இணைப்பிலிருந்து மட்டுமல்ல, தேடலிலிருந்தே மறைந்துவிடும். தொடர்புப் பக்கம் துணை இணைப்பாக வருவது பிடிக்கவில்லை என்பதற்காக அதற்கு நோஇன்டெக்ஸ் போட்டால், தொலைபேசி எண்ணைத் தேடுகிற வாடிக்கையாளரையும் இழந்துவிடுவீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் விட்டுவிடுவதே நல்லது.

பண்டிகைத் தள்ளுபடிப் பக்கம் இன்னொரு தொல்லை. தீபாவளி முடிந்து பொங்கல் வந்தாலும் துணை இணைப்பில் பழைய தீபாவளித் தள்ளுபடி நிற்கும். ஆண்டு எண்ணை முகவரியில் சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் தொடங்காமல், ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்ததும், அடுத்த தள்ளுபடி எப்போது என்ற குறிப்பை அதில் போடுங்கள். பக்கத்தின் வயதும் அதற்குச் சேர்ந்த இணைப்புகளும் வீணாகாது; பழைய விலையைப் பார்த்துவிட்டு யாரும் சண்டைக்கும் வர மாட்டார்கள்.

நீண்ட கட்டுரைகள் வைத்திருப்பவர்களுக்கு

ஒரே பக்கத்துக்குள் இருக்கும் பகுதிகளுக்கும் கூகுள் சில நேரம் இணைப்பு காட்டும். இது 2009 முதல் உண்டு. ஜமக்காளத்தைத் துவைப்பது, காயவைப்பது, சாயம் போகாமல் காப்பது என்று நீண்ட கட்டுரை ஒன்று கடைத் தளத்தில் இருந்தால், மேலே ஒரு பொருளடக்கம் வைத்து, ஒவ்வொரு வரியும் கீழே உள்ள உரிய துணைத்தலைப்புக்குத் தாவும்படி செய்யுங்கள். துணைத்தலைப்பைக் கொட்டை எழுத்தாக மட்டும் விடாமல், தலைப்பு என்ற பாணியிலேயே அமையுங்கள். பொருளடக்கத்தைத் தானே உருவாக்கித் தரும் செருகுநிரல்கள் இருக்கின்றன.

தேடல் பெட்டி

துணை இணைப்புகளோடு சேர்ந்து அந்தத் தளத்துக்குள் தேடும் ஒரு பெட்டியையும் 2014 முதல் கூகுள் காட்டிவந்தது. அதற்கான நிரல்குறிப்பைத் தளத்தில் சேர்க்கும்படி பல வழிகாட்டிகள் சொல்லும். 2024 நவம்பர் 21 முதல் அந்தப் பெட்டி நிறுத்தப்பட்டுவிட்டது. புதிதாகச் சேர்க்க வேண்டாம்; ஏற்கெனவே இருந்தால் அதனால் தீங்கில்லை.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் இதே வசதிக்கு டீப் லிங்க் என்று பெயர். அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. தெளிவான மெனுவும் தனித்தனித் தலைப்புகளும் அங்கேயும் அதே பயனைத் தரும். பிங் வெப்மாஸ்டர் கருவியில் தளத்தைப் பதிந்து சைட்மேப்பைக் கொடுத்தால் போதும்.

மாற்றிய பிறகு

மெனுவையும் தலைப்புகளையும் மாற்றியதும், முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் சர்ச் கன்சோலில் மறுபடி இன்டெக்ஸ் செய்யக் கோருங்கள். ஒரே பக்கத்துக்குப் பலமுறை கோருவதால் வேகம் கூடாது. கூகுள் மறுபடி வந்து படிக்கச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதற்குள் மெனுவை மறுபடியும் மறுபடியும் மாற்றாதீர்கள். எந்த மாற்றத்தால் என்ன நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. துணை இணைப்புகள் வந்த பிறகும் அவை நிலையானவை அல்ல. இன்று நான்கு இருக்கும், அடுத்த மாதம் இரண்டாகும். கைபேசியில் ஒரு வரிசை, கணினியில் வேறொரு வரிசை. இது வழக்கம்தான்.

பலனைப் பார்க்க, சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் கடைப்பெயரை வினவலாக வடிகட்டிவிட்டு, பக்கங்கள் என்ற தாவலுக்குப் போங்கள். முகப்புப் பக்கத்தோடு மொத்த விற்பனை, மண்டப விரிப்புகள் போன்ற பக்கங்களும் அந்தப் பெயருக்கே தோன்றியிருந்தால், துணை இணைப்புகள் வரத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே அவற்றின் சராசரி இடம் ஒன்று என்று காட்டுவதைப் பார்த்து, அந்தப் பக்கமே தனியாக முதலிடம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு முடிவுக்குக் கீழே வரும் துணை இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த முடிவின் இடத்தையே கூகுள் கணக்கில் எழுதுகிறது. மொத்த விற்பனைப் பக்கத்தின் உண்மையான நிலையை அறிய வேண்டுமானால், கடைப்பெயர் இல்லாத வினவல்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.